அண்ணன் அறுத்தெடுத்த வார்த்தை

“…அவரைப் பத்துன கதைய அவருக்குச் சொல்லாம நீங்களே சொல்லி நீங்களே சிரிச்சுக்கிட்டா எப்படி சாமி?” என்று பாக்கியம் அம்மாள் கேட்டபோது, அங்கே இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்த காலை அது. ஈப்போவிலிருந்து அத்தை வரவேண்டிய ரயிலுக்காகக் காத்திருந்தோம். நாலு பேர் காத்திருக்கிற இடத்தில் பேச்சு வராமல் போகாது. அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர் பழைய கதை ஒன்றை எடுத்தார். காது போன புதிதில் அண்ணன் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டி வைப்பாராம். ஒருநாள் ஆபீஸ் துரை மேசையைத் தட்டி, “உனக்கென்ன பைத்தியமா?” என்று கத்தியிருக்கிறார். அண்ணன் எழுந்து நின்று, “எஸ் சார், தேங்க்யூ சார்” என்றாராம். துரைக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். எங்களுக்கும் வந்தது. துக்க வீட்டுச் சிரிப்பு அடக்க அடக்கத்தான் பெருகும். சொன்னவரைவிட அதிகமாகச் சிரித்தவன் நான். அப்போதுதான் வாசலில் பால் தூக்கோடு நின்ற பாக்கியம் அம்மாள் அப்படிக் கேட்டார்.

அந்த அம்மாள் ஏன் அப்படிக் கேட்டார் என்பது அண்ணனின் வாழ்க்கை தெரிந்தால்தான் விளங்கும். அதனால் இந்த நினைவஞ்சலியில் அதை முதலில் எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் பிறந்தது கிள்ளானில், ஆற்றோரம் இருந்த ரயில்வே லயத்து வரிசை வீட்டில். அப்பா தண்டவாளம் போட வந்தவர். அண்ணனுக்கு ஆறு வயதானபோது நான் பிறந்தேன். அண்ணனுக்கு மிஷன் பள்ளிக்கூடம் கிடைத்தது. என் முறை வருவதற்குள் அப்பா காலமாகிவிட்டதால் எனக்கு ஊசியும் நூலும்தான் கிடைத்தன. நான் படித்ததெல்லாம் துணி சுற்றி வரும் பத்திரிகைக் காகிதமும், தையல் கடைக்கு வருகிறவர்களின் வாயும்தான். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுக்க வேண்டும்.

அப்பா போனபின் அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அண்ணனின் காது என்றே சொல்வேன். கிள்ளான் ஸ்டேஷனில் அவருக்குத் தந்தி வாங்கும் உத்தியோகம். கருவி ‘கட்டுக் கட கட்டு’ என்று பேசும். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு கையால் எழுதுவார், அதே சமயம் ஜன்னலில் நிற்கும் ஆளுக்கும் பதில் சொல்வார். “உங்க மூத்தவனுக்கு ரெண்டு காது பத்தாதுன்னு ஆண்டவன் நாலு குடுத்திருக்கான்” என்று அம்மாவிடம் சொல்வார்கள்.

இருபத்தாறாவது வயதில் காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் பிழைப்பாரா மாட்டாரா என்று கிடந்தார். கண் விழித்ததும், பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, சத்தமில்லாம அழறே?” என்று கேட்டார். அம்மா தெருவுக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தார்.

அதன்பின் தந்தி உத்தியோகம் போயிற்று. பழைய கோப்புகளைப் பார்த்து நகல் எழுதும் வேலை கொடுத்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பேசி வைத்திருந்த பெண் வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணன் கோபிக்கவில்லை. “அந்தப் பொண்ணு பேசுறதை யாராச்சும் கேக்கணும்ல” என்றார். இரண்டு வருஷத்தில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கல்யாணமாகி கிள்ளானிலேயே கடை வைத்தேன். அண்ணன் தனி ஆளானார்.

அவரிடம் பேச ஒரு சிலேட்டு இருந்தது. ஆரம்பத்தில் எல்லோரும் அதில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிறகு வரி வரியாக. பிறகு வார்த்தை வார்த்தையாக.

தாய்நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார ரயில் கார்டு ஒருவர், தம் சாமான்களை விற்றபோது அண்ணனுக்கு ஒரு பெட்டியைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். அதில் லாடம்போல் வளைந்த இரும்புச் சட்டம் ஒன்று. அதன் இரு முனைகளுக்கும் நடுவே நூல் கனத்தில் ரம்ப அலகு. பூ, பறவை, கொடி என்று படம் போட்ட தாள்கள் கொஞ்சம். அண்ணனின் மரவேலை இப்படித்தான் தொடங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மரத்துக்கு அவர் அலையவில்லை. ரப்பர் ஏற்றுமதிப் பெட்டிகள் மூன்றடுக்குப் பலகையில் செய்யப்பட்டவை; உடைந்தவற்றை மரக்கடை முதலாளியான சீனத் தவுக்கே அவருக்காக எடுத்து வைப்பார். படத்தை மைத்தாள் வைத்துப் பலகையில் இறக்குவார். மேசை விளிம்பில், வாய் பிளந்த கட்டை ஒன்றைத் திருகிப் பூட்டி, அதன்மேல் பலகையை வைத்து, ரம்பத்தை மேலும் கீழுமாக இழுப்பார். கை அதே இடத்தில் நிற்க வேண்டும். பலகைதான் திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் ஓட்டைகளுக்கு முதலில் சின்னத் துளை போட்டு, அலகின் ஒரு முனையைக் கழற்றி, துளை வழியாகக் கோத்து, மறுபடி பூட்ட வேண்டும். ஒரு மயிலின் தோகைக்கு எழுபது எண்பது தடவை கழற்றிப் பூட்டுவார். எனக்குப் பார்க்கவே கை கடுக்கும். “அவசரப்பட்டா அலகு ஒடியும், அசந்தா கோடு ஓடும்டா” என்பார்.

ஒருமுறை, இதில் என்ன சுகம் என்று எழுதிக் கேட்டேன். “ரம்பம் சரியாப் போகுதா, தப்பாப் போகுதான்னு மத்தவங்க காதால கேப்பாங்க. எனக்கு அது விரல்ல கேக்குது. தந்தி மாதிரி” என்றார். அவர் முகத்தில் அந்தப் பழைய ஸ்டேஷன் முகத்தைப் பார்த்தேன்.

விளக்கு மாடம், கடிதம் செருகும் தட்டு, சாமி படத்துச் சட்டம் என்று கேட்டவருக்கெல்லாம் செய்து கொடுத்தார். தமக்கென்று செய்துகொண்டது ஒரு கிளி. கதவைத் தட்டினால் கேட்காதல்லவா? வாசலில் தொங்கும் கயிற்றை இழுத்தால், மேசைக்கு எதிர்ச்சுவரில் அந்த மரக்கிளி தலையாட்டும். நாள் முழுக்க அதற்கு எதிரில் உட்கார்ந்துதான் அறுப்பார். “அடிக்கடி ஆடுமா?” என்று எழுதினேன். “காத்தடிச்சா ஆடும்” என்றார்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. ஆனாலும் எழுத வேண்டும்.

ஒரு தீபாவளிக்கு அண்ணன் கிள்ளான் வந்திருந்தார். எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். நான்தான் வாயாடி ஆயிற்றே, கடையில் நடந்ததை அவிழ்த்துவிட்டேன். தோட்டத்துக் கங்காணி ஒருவர் கோட்டு தைக்க வந்து, “வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சு ரெண்டு பை, தெரியாம ஒரு பை வச்சிருங்க தம்பி” என்றார். மறுநாள் அவர் வீட்டுக்காரம்மாள் வந்து, “தெரியாத பைய எங்க வச்சீங்க, காட்டுங்க லா” என்றார். பந்தியே குலுங்கியது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. அண்ணன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தாமும் சிரிக்கத் தயாராக வாயை வைத்துக்கொண்டு, “என்னடா தம்பி? என்ன சொன்னே?” என்று கேட்டார். சிலேட்டை எடுத்தேன். இத்தனையையும் எப்படி எழுதுவது? கையில் வேறு சோறு. ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் காட்டினேன். அண்ணன் தலையாட்டிவிட்டு இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸ் போனேன். சுவரில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. அவர் செய்தவற்றில் அதைப்போல் நேர்த்தியான வேலையை நான் பார்த்ததில்லை. சுற்றிலும் முல்லைக்கொடி, நடுவில் ‘ஒன்றுமில்லை’ என்ற வார்த்தை. மெய்யெழுத்துகளின் புள்ளி தனியாக நிற்காது, உதிர்ந்துவிடும். அதற்காகப் புள்ளிக்கொரு கொடியை வளைத்து வந்து மொட்டாகத் தொங்கவிட்டிருந்தார். ‘லை’யின் தலைமேல் வளையும் தும்பிக்கையும் கொடியாகச் சுருண்டிருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணன் பதறினார். “உன்னைக் குத்திக் காட்டச் செய்யலடா. எனக்கு எல்லாரும் அதிகமா எழுதிக் காட்டுற வார்த்தை இதுதான். எந்த வார்த்தைய அறுக்கலாம்னு பார்த்தேன், இது மனசுல நின்னுச்சு.” அதை இறக்கிவிடும்படி எழுதிக் கெஞ்சினேன். “மாட்டேன் போ. ஓர் அலகுகூட ஒடியாம வந்த வேலை” என்றார்.

அன்றே உட்கார்ந்து கங்காணியின் கோட்டுக் கதையை எழுதினேன். இரண்டு முறை சிலேட்டைத் துடைத்து எழுத வேண்டியிருந்தது. அண்ணன் நிதானமாகப் படித்தார். “நல்லா இருக்குடா” என்றார். சிரிக்கவில்லை. ஆறின காப்பி மாதிரி ஆறின கதை. கையால் நடித்துக் காட்டப் பார்த்தேன். “பல்லு வலியா?” என்று கேட்டார்.

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று கடையில் நான் அடிக்கடி சொல்வேன். அன்றோடு அதை விட்டேன். விட்டதைத் தவிர வேறென்ன செய்தேன்? அந்தப் பலகை தொங்கும் அறைக்குள் போக வெட்கப்பட்டு, மாதம் ஒருமுறை போனவன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனேன். ஒரு மணி நேர ரயில்தான். நான் வெட்கப்பட்ட நாளெல்லாம் அண்ணன் தனியாக இருந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு காலை சந்துக்குள் நுழையும்போது உள்ளிருந்து அண்ணனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷமாக நான் கேட்காத சிரிப்பு. உள்ளே பாக்கியம் அம்மாள் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றிருந்தார். பின்சந்தில் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றும் விதவைப் பெண்மணி. பாலைச் சோதிக்க வந்த அதிகாரியை மாடு உதைத்த கதை நடந்துகொண்டிருந்தது. அதிகாரி தொப்பியைச் சரிசெய்தார், கண்ணாடிக் குழாயைப் பாலில் விட்டார், உற்றுப் பார்த்தார். மாடு திரும்பிப் பார்த்தது, வாலைத் தூக்கியது. எல்லாமும் அந்த அம்மாள்தான். அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து, “எப்படி அக்கா இதெல்லாம்?” என்று கேட்டேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாது தம்பி. தெரிஞ்சிருந்தா நானும் சிலேட்டுல ரெண்டு வார்த்தை கிறுக்கிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பேன்” என்றார்.

கடைசி மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கை நடுங்கியதால் ரம்பத்தைத் தொடவில்லை. பழைய வேலைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கிள்ளானுக்கு வந்துவிடும்படி எழுதினேன். “உன் வீட்ல எல்லாரும் நல்லாச் சிரிக்கிறீங்க. நான் வந்தா நிறுத்திருவீங்க” என்றார். ஒரு விடியலில் பாக்கியம் அம்மாள் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணன் தூக்கத்திலேயே போயிருந்தார்.

அண்ணனைத் தோளில் சுமந்த அலுவலக நண்பர்களுக்கும், தந்தி கண்டவுடன் ரயிலேறி வந்த உறவினர்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்த அடுத்த வீட்டாருக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து கடைசிவரை நின்ற தவுக்கேவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அண்ணன் செய்து கொடுத்த சாமான் எதையேனும் வீட்டில் வைத்திருப்பவர்கள், எண்ணெய்த் துணியால் வருஷம் ஒருமுறை துடைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாக்கியம் அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்று அப்படிக் கேட்டுவிட்டு அவர் உள்ளே வந்தார். தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, அண்ணனின் முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றித் துரையானார், இல்லாத மேசையைத் தட்டினார், விரலைக் காதோரம் சுழற்றி, ‘பைத்தியமா?’ என்று புருவத்தால் கேட்டார். பிறகு தோளைக் குறுக்கி, கையைக் கட்டி, அண்ணனைப் போலவே பணிவாக மூன்று முறை தலையாட்டினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் சிரித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், அண்ணனின் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.