தெருமுனையில் முடியும் மாநிலம்

கருவடிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த தெருவின் முனையோடு புதுச்சேரி முடிந்துவிடும். ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. பலகையைப் பார்த்து யாரும் இதைத் தெரிந்துகொள்வதில்லை. பிராந்திக் கடைகள் எங்கே நின்றுபோகின்றனவோ அதுதான் எல்லை. அந்தப் பக்கம் வாடகை குறைவு, வீடும் கொஞ்சம் பெரிது. இருந்தும் அப்பா இந்தப் பக்கத்தை விட்டு நகரமாட்டேன் என்று நின்றார். அவர் வேலை பார்த்த மில் மூடி, ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போய், ஒரே அறையில் நாங்கள் நாலு பேரும் கால் நீட்ட இடமில்லாமல் படுத்த காலத்திலும் நகரவில்லை. தாண்டினால் பிள்ளைகளுக்குப் புதுச்சேரிக்காரர்கள் என்ற நேட்டிவிட்டி சான்று போய்விடும், அப்புறம் காலேஜ் சீட்டும் கிடைக்காது, சர்க்கார் வேலையும் கிடைக்காது என்பது அவர் எண்ணம்.

என்னோடு படித்த தோழி ஒருத்தியின் குடும்பம் நாங்கள் எட்டாவது படிக்கும்போதே ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு ரூம் அதிகமாகக் கிடைக்குது என்று பிள்ளைகளின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுக்கொண்டார்கள் என்று அப்பா டீக்கடையில் உட்கார்ந்து பேசினார். அது அவள் அப்பா காதுக்கும் போனது. அவளும் நானும் மட்டும் எதுவும் நடக்காதது போலப் பழகினோம். நான் இங்கே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தேன். அவள் திண்டிவனம் பக்கம் அதே படிப்பைப் படித்தாள்.

அப்பா சொன்ன சர்க்கார் வேலை வரவேயில்லை. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருந்ததுதான் மிச்சம். சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்ட ஒரு காண்டிராக்ட் கம்பெனி ஆள் எடுக்கிறது, டிப்ளமோ போதும், பெண்களும் போகலாம் என்று என்னிடம் சொன்னவள் அந்தத் தோழிதான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் எழுதினோம்.

எழுத்துத் தேர்வு சுலபம். அதற்குப் பிறகு வைத்ததுதான் வேடிக்கை. ஒரு திரையின் முன்னால் உட்கார வைத்து, சிவப்பு வந்தால் காலால் அழுத்து, மஞ்சள் வந்தால் கையால் அழுத்து, சத்தம் கேட்டால் எதையும் அழுத்தாதே என்றார்கள். கண் டாக்டர் புள்ளிக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொன்னார். கடைசியாக நேர்காணலில் ஒருவர், இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாயா, பயப்படமாட்டாயா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டில் நான் தனியாக உட்கார்ந்த நாளே கிடையாது, அந்தப் பாக்கியத்துக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. பயமில்லை சார் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது.

பயிற்சி முதலில் வகுப்பறையில், பிறகு சிமுலேட்டரில், பிறகு டிப்போவில். அங்கே ஒரு பழக்கம் உண்டு. சிக்னலைக் கண்ணால் பார்த்தால் போதாது. கையை நீட்டி விரலால் அதைச் சுட்டி, பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிளாட்பாரத்தைப் பார்த்து, கதவைப் பார்த்து, மீட்டரைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விரல், ஒவ்வொன்றுக்கும் வாய். கேபினில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள், ஆனாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கை சும்மா இருந்தால் மனசு வேறெங்காவது போய்விடும் என்பது காரணம். முதல் வாரம் வெட்கத்தில் எங்களுக்கு விரலே நீளவில்லை. அப்புறம் அது ஒட்டிக்கொண்டது. ஊருக்கு வந்தால் தோழியும் நானும் பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போதே விரலை நீட்டிவிட்டு, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்போம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா அளந்துதான் பேசுவார். பாராட்டே வராது. டிப்போவில் நான் நிறுத்தக் குறியை ஒரு முழம் தாண்டிப் போய் நின்றபோது அவர் திட்டவில்லை. "வண்டிய ஓட்ட மெஷின் கீதும்மா. உனுக்கு சம்பளம் நிறுத்தறதுக்கு" என்றார். உண்மைதான். சுரங்கத்துக்குள் பெரும்பாலும் வண்டி தானே ஓடும். அது மக்கர் பண்ணும்போதுதான் நம் கைக்கு வரும். அப்போது கைப்பிடியை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும். விட்டால், ஓட்டுகிற ஆள் செத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு தானே பிரேக் போட்டுக்கொள்ளும். உயிரோடு இருக்கிறேன் என்று கையால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. எனக்கு அது பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வேலை என் கைக்குச் சரியாக இருந்தது.

தனியாக ஓட்டச் சான்றிதழ் கிடைத்த மாதம் அப்பா பார்க்க வந்தார். எந்த ஸ்டேஷன், எந்த நேரம் என்று முன்பே சொல்லியிருந்தேன். பிளாட்பாரத்தின் கோடியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றிருந்தார். நான் பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. முறைப்படி சிக்னலை நோக்கி விரலை நீட்டினேன். தன்னைத்தான் காட்டுகிறேன் என்று நினைத்து அவர் கையைத் தூக்கினார். வண்டி சுரங்கத்துக்குள் போகும் வரைக்கும் கையைக் கீழே இறக்கவில்லை.

ஹாஸ்டலில் என்னைப் பாண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்குப் போனால் பாட்டில் வாங்கிட்டு வா, பிரெஞ்சுல ஏதாவது பேசு என்று கிண்டல். எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக்காரன் பென்ஷனும் கொடுக்கவில்லை, பாஷையும் கொடுக்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொள்வேன். கிண்டல்தானே.

மூன்றாவது வருடம் காண்டிராக்ட் கைமாறப் போகிறது, பாதிப் பேரை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. எங்களில் கொஞ்சம் பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள், அங்கே ரயில் ஓட்டிப் பழகியவர்கள். அவர்கள் எங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பயம் வந்தால் கண்ணில் படுகிறவன்தானே எதிரி. இந்த மண்ணில் பிறந்தவர்களை வைத்துக்கொள்ளுங்கள், வெளி மாநிலத்துக்காரர்களை அனுப்புங்கள் என்று புதிதாக வரும் கம்பெனியிடம் கேட்பதற்குக் கூட்டமாகப் போனோம். முன்னால் நின்று பேசியது நான். எனக்குத்தான் பேச்சு நன்றாக வரும் என்று தள்ளிவிட்டார்கள். தமிழ் தெரியாதவன் அவசரத்தில் பயணிகளுக்கு எப்படி அறிவிப்பு கொடுப்பான் என்று கேட்டேன். பின்னாலிருந்து கைதட்டினார்கள். நான் வெளி மாநிலம் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கே உறைக்கவில்லை. என்னை யாராவது நிறுத்தி நீ எந்த ஊர் என்று கேட்டிருந்தாலும், தமிழ்நாடுதான், பாண்டி என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

புதிய கம்பெனி எங்கள் பேச்சைக் கேட்டது. தமிழ்நாட்டு இருப்பிடச் சான்று உள்ளவர்களை எல்லாம் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. நான் சான்றிதழ்களோடு வரிசையில் நின்றேன். என்னுடையதைப் புரட்டிய அதிகாரி நல்ல மனிதர்தான், முகம் சுருங்கிவிட்டது. எவ்வளவு சொல்லியும் பலனில்லை. தோழியின் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், இரண்டு வீட்டுக்கும் ஒரே மீன்காரி, மழை பெய்தால் ஒரே தண்ணீர்தான் இரண்டு தெருவிலும் நிற்கும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"நீங்க வந்து கேட்ட மாதிரியேதாம்மா போட்டிருக்காங்க" என்றார்.

வடக்கத்தியர்களோடு சேர்த்து என்னையும் அனுப்பினார்கள். கிளம்பும் நாளில் அவர்களில் ஒருத்தி எனக்கு அரை டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு நான் பேசியது அவளுக்குத் தெரியும். நின்றபடியே அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுத்தேன்.

தோழியை எடுத்துக்கொண்டார்கள். அவள் மேல் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் ஹாஸ்டலில் என் பெட்டியைத் தூக்கிக்கொடுக்க வந்தபோது அவளைத் தொடவிடவில்லை நான். ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே ரோட்டைத் தாண்டிப் போய் அவள் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து டீக்கடையில் அவர் யாரைப் பற்றியும் பேசுவதில்லை.

இப்போது ரெட்டியார்பாளையத்தில் இன்வெர்ட்டர் விற்கும் கடையில் வேலை செய்கிறேன். கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். அவன் பள்ளிக்கூடம் சேரும் வயது வந்ததும் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அந்தப் பக்கம் பெரிய மாநிலம், வேலையும் அங்கேதான் இருக்கிறது, பையனாவது அந்த மண்ணுக்காரனாக வளரட்டும் என்று ரோட்டுக்கு அப்பால் ஒரு வீட்டைப் பார்த்தோம். அப்பாவும் எங்களோடு வந்துவிட வேண்டும் என்று கூப்பிடப் போனேன். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பையனின் ஷூவுக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"ஒனக்கு நல்லதுன்னுதான் பாப்பா நா இங்கியே கெடந்தேன்" என்றார். "இவனுக்கு நல்லதுன்னு நீ அங்க போற. போ, வேணாங்கல. நாளைக்கு அவங்க சட்டத்த மாத்திட்டா, இவனும் ஒன்னாட்டம் வந்து நிப்பான். அப்ப நீ என்னா சொல்லுவேன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்க. நா இன்னும் யோசிச்சிக்கினுதான் இருக்கறேன்."

கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டு, ஷூவைப் பையனின் காலில் மாட்டிவிட்டார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.