கையில் கொடுக்கும் புச்கா

கனடாவின் மொன்றியலில் எங்கள் ஊர் ரோல்ஸ், பற்றிஸ் விற்காத தமிழன் இல்லை. வங்காளிகளின் தெருத் தீனியை வங்காளிகளுக்கே செய்து கொடுத்த தமிழன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சொல்கிறேன்; படித்தவர்கள் யாராவது செய்திருந்தால் முன்னுக்கு வரட்டும்.

டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிய காலத்தில், பக்கத்தில் நின்று சமைத்த டாக்காக்காரர் சொல்லச் சொல்ல மனத்தில் எழுதிக்கொண்டேன். பொரியில் கடுகெண்ணெயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுக் குலுக்கினால் ஜால்முரி. கத்தரிக்காயைச் சீவிக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தால் பேகுனி. எல்லாவற்றுக்கும் ராசா புச்கா: பூரி மாதிரி உப்பிய மொறுமொறுத்த சின்னக் கோது, உள்ளே மசித்த உருளைக்கிழங்கும் கடலையும், அதற்குமேல் பழப்புளித் தண்ணீர்.

பிறகு சொந்தமாக ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை திறந்தேன். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, அந்தக் கோடையில் வங்காளிகள் பூங்காவில் விழா வைத்தார்கள். தீனிக் கடை போட ஒருவருக்குத்தான் இடம். அதை எடுத்தே தீருவது என்று நின்றேன். விழாக் குழு அம்மா ஒருவர் சனிக்கிழமை மத்தியானம் ருசி பார்க்க வருவதாகச் சொன்னார்.

விடியவே நாற்பது புச்காவை நிரப்பி, புளித்தண்ணீரும் விட்டு, ரோல்ஸ் அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கினேன். பார்த்தால் கலியாண வீட்டுத் தட்டம். அந்த அம்மா ஒன்றைத் தூக்கினார். அடி கழன்று தட்டத்திலேயே விழுந்தது. அவர் புறப்படக் கைப்பையை எடுத்தார்.

மனைவி என் காதுக்குள் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, விடிய விட்ட தண்ணி மத்தியானம் வரைக்கும் கோதுக்குள்ள உங்களுக்காகக் காத்துக்கொண்டு இருக்குமே?"

"சும்மா இரும். வெறுங்கோது இன்னும் கிடக்குதோ?"

"ஓம், ஒரு பெட்டி கிடக்கு. அதையும் நனைக்கப் போறியளோ?"

டாக்காக்காரர் சாமான்களைச் சொன்னாரே தவிர, தெருவில் எப்படிக் கொடுப்பார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை; கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாவை ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னேன். தட்டத்தை அவர் கண்முன்னே குப்பையில் கவிழ்த்தேன். புதுக் கோது ஒன்றைப் பெருவிரலால் உடைத்து, நிரப்பி, புளித்தண்ணீரில் முக்கி, நேரே அவர் கையில் கொடுத்தேன். அவர் மென்று முடிக்கமுன் அடுத்தது.

"காரம் போதாது," என்றார். மிளகாயைக் கூட்டினேன். ஏழாவதோடு கைப்பையைக் கீழே வைத்தார்.

"விழாவிலும் இப்படித்தான். முன்கூட்டி நிரப்பக் கூடாது. நாள் முழுக்க நின்று ஒவ்வொன்றாகக் கொடுப்பீர்களா?"

"கொடுப்பேன்," என்றேன்.

கொடுத்தேன். விழா அன்று காலை பத்து மணியிலிருந்து பொழுது சாயும் வரை கதிரையில் உட்காரவில்லை. புளி பட்டு நகக்கண் எரிந்தது. மனைவி தான் நிற்பதாகச் சொல்லியும் இடம் விடவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவர் நாலைந்தை விழுங்கிவிட்டு, ஊர் டாக்காவா கொல்கத்தாவா என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பவில்லை. இன்னொன்றுக்குக் கையை நீட்டினார்.