டவர் காலுக்கு நடுவே மல்லாட்டை

நான் சட்டக் கல்லூரி மாணவி. மின்பாதைச் சட்ட ஆராய்ச்சிக்காக வேங்கிக்கால் தாண்டி ஒரு வயலில் நின்றபோது தூறல் பிடித்தது. தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பிகள் இரையத் தொடங்கின.

அது அடி அண்ணாமலை ஊரில் இருக்கும் எங்கள் நிலத்தின் சத்தம். என் சின்ன வயதில் அங்கே மின்கம்பி டவருக்குக் குழி வெட்டினார்கள். ஈரச் செம்மண் வாசனை. வேரில் பிஞ்சு நிலக்கடலையோடு பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடிகள்.

"யார கேட்டு வெட்டுனீங்க?" என்றாள் அம்மா.

"கேக்க வேணாம்மா, சட்டம் அப்படி," என்றார் இன்ஜினியர்.

"அந்தச் சட்டத்த காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். டவர் எழுந்தது. அடுத்த பட்டத்தில் அதன் நான்கு காலுக்கும் நடுவே அம்மா மல்லாட்டை விதைத்தாள்.

இப்போது இந்த வயல்காரர் என்னைக் கேட்டார்: "எங்கள கேக்காமயே டவர் போடலாமாம்மா?"

பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து விரித்தேன்.

"இதாங்க அந்தச் சட்டம். இதுல எந்த இடத்த மாத்தணும்னும் எழுதி வெச்சிருக்கேன்."