நிருபம் இழுத்துப் போர்த்திக்கொண்ட காய்ச்சல்

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் நிருபம் சான்யால் பிறந்ததிலிருந்து யாருக்கும் 'முடியாது' என்று சொன்னதில்லை. எங்கள் வடகொல்கத்தாச் சந்தில் பூஜைக்கு நாற்காலி அடுக்குவதிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பூனைக்குச் சோறு வைப்பதுவரை எல்லாம் அவன் தலையில்தான் விழும்.

மார்கழியில் அவன் மகள் மிதுலுக்கு லேசான காய்ச்சல். தண்ணீர் நிறையக் கொடுங்கள், மெல்லிய சட்டை போதும், நன்றாகத் தூங்கட்டும், சோர்வு கூடினால் மட்டும் கூட்டி வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பிள்ளையும் தூக்கத்தைத்தான் கேட்டது.

"அப்பா, தூக்கம் வருதுப்பா."

எங்கள் ஆட்கள் தூங்க விடுவார்களா? காய்ச்சல் என்று கேள்விப்பட்டும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்காதவன் எங்கள் சந்தில் மனுஷனே இல்லை. எதிர்வீட்டுப் பிரதிமா அண்ணி காதையும் கழுத்தையும் மூடுகிற கம்பளிக் குரங்குக் குல்லாவை மாட்டிவிட்டாள். கீழ்வீட்டு அனாதி பாபு ஹோமியோபதிப் பெட்டியோடு வந்து, கனவில் பாம்பு வருகிறதா ரயில் வருகிறதா என்று விசாரித்தார். தூங்கினால்தானே கனவு வரும், கிரகம்! மாடியிலிருந்து நானும் பார்லிக் கஞ்சியோடு இறங்கினேன். மப்ளர், ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர். உள்ளே பிள்ளை வெந்ததில் தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியது. பதறிப்போய் பஞ்சடைத்த ரஜாய் ஒன்றையும் போர்த்தினோம்.

மிதுல் அழத் தெம்பில்லாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்தாள். நிருபம் வாயைத் திறந்தான். இன்றைக்காவது எங்களை வெளியே போகச் சொல்வான் என்று நினைத்தேன். எங்கே!

"அண்ணி, எனக்குத்தான் ஒரு மாதிரி குளிருது" என்றான்.

குல்லா, மப்ளர், ரஜாய் எல்லாவற்றையும் பிள்ளைமேலிருந்து உருவித் தான் சுற்றிக்கொண்டு, கூடத்துக் கட்டிலில் விழுந்து முனகினான். கூட்டம் முழுக்க அவன் பின்னால் ஓடியது.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா தம்பி? மூஞ்சியே வெளுத்துப்போச்சே" என்று அண்ணி அங்கலாய்த்தாள். அனாதி பாபு பாம்பா ரயிலா என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ரெண்டும் வருது" என்றான் நிருபம்.

அந்தச் சந்தடியில் அவன் மனைவி ஷர்பாணி, மிச்சமிருந்த ஸ்வெட்டர்களையும் கழற்றி, பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்து, உள்ளறைக் கதவைச் சாத்தினாள். சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, மிதுல் சோறு கேட்டாள்.

கூடத்தில் நிருபம் வியர்வையில் ஊறிக் கிடந்தான். "பொண்ணு எழுந்துட்டாடா. நீயும் எழுந்திரு" என்று காதோடு சொன்னேன்.

"எழுந்தா எல்லாரும் அவகிட்டப் போயிடுவாங்க" என்றான். "அவ நல்லாத் தேறட்டும். அதுவரைக்கும் நான் கிடக்கிறேன்."