கயிற்றைப் பிடித்திருந்தது யார்?

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். பத்தாவது படிக்கும்போதே வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும், செருப்புத் தைக்கிறவன் தலையில் எந்தப் பழியைப் போட்டாலும் நிற்கும். படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற மூலையில்தான் என் கடை. ஏறுகிற கால், இறங்குகிற கால் எல்லாம் என் கண்ணுக்கு நேராகப் போகும். யார் வீட்டுக்கு யார் போனார் என்று நான் தேடிப் போவதில்லை. அதுவாக வந்து சேரும்.

ஏணிக்கு இருக்கிற ஒரே சொந்தம் அவள் அண்ணன். பஸ் டிரைவர். அம்மா அவள் பிறந்த வருஷமே போய்விட்டார். அப்பா கட்டடங்களுக்கு வெளிப்புறம் பெயின்ட் அடிக்கிறவர். இவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது சாரம் சரிந்து ஐந்தாவது மாடியிலிருந்து விழுந்தார். அண்ணனுக்கு அப்போது பதினேழு. அன்றைக்குப் புத்தகத்தை மூடியவர் பஸ் கழுவப் போனார், அப்புறம் கண்டக்டர், அப்புறம் டிரைவர். தங்கச்சிக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டது என் கடையில்தான். மூன்று ஷூ லேஸை ஆணியில் மாட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினார். ஆனால் பிடி இறுக்கம். அந்தப் பின்னலில் புருவம் இரண்டும் மேலே ஏறி, எதைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுகிற மாதிரியே அவள் ஐந்து வருஷம் ஸ்கூலுக்குப் போனாள்.

அண்ணனுக்கு ஒரே ஒரு சட்டம். உயரம் கூடாது. வீடு தரைத்தளத்தில்தான். மொட்டை மாடிக்குத் துணி காயப்போட அவள் போகக்கூடாது. பல்பு மாற்றுவதென்றாலும் அவரே ஸ்டூல் போட்டு ஏறுவார், அவள் தூர நிற்க வேண்டும்.

அப்படி வளர்த்த பெண் எங்கே போய் நின்றாள் பாருங்கள். டீச்சர் ட்ரெய்னிங் படித்துக்கொண்டே சாயந்தரம் ஒரு விளையாட்டு அரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பாறை மாதிரியே செய்த ஒரு சுவர், முப்பதடி உயரம். அதில் கலர் கலராகப் பிடிகள். ஏறுகிறவர்கள் கைவேர்வை பட்டு அவை வழுக்கும், துடைத்து வைப்பது இவள் வேலை. துடைக்க ஏறியவளுக்கு இறங்க மனசில்லை. மூன்று வருஷம். இது அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கே தெரியாமல் என் மூக்குக்கு நேராக மூன்று வருஷம் ஒரு விஷயம் நடந்திருக்கிறது என்றால், அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டது ஒரு ஜோடி ஷூவால். அவளுக்கு ஸ்கூல் வேலைக்கு ஆர்டர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சர், நாற்பது நாள் கழித்துச் சேர வேண்டும். பின்பக்கத் தையல் விட்டுப்போன ஒரு ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பார்த்தால் விநோதமாக இருந்தது. அடி முழுக்க ரப்பர், மூக்கு வளைந்து, அவள் காலுக்கு இரண்டு அளவு சின்னது. பாவம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தேன். தையலைப் போட்டதோடு நிற்காமல், தண்ணீர் தடவி, கால் மாதிரி செதுக்கிய மரக்கட்டையை உள்ளே திணித்து, இரண்டு நாள் நன்றாக விரித்து வைத்தேன். கூலி வாங்காத உபகாரம்.

போட்டுப் பார்த்தவள் முகம் சுண்டிவிட்டது.

"என்ன மாமா பண்ணி வச்சிருக்கீங்க!"

"ஏன் பாப்பா, இப்ப கால் நல்லா மூச்சு விடுமே."

"அது மூச்சே விடக்கூடாது மாமா. விரல் மடங்கி நிக்கணும். அப்பத்தான் பாறையில பிடிக்கும்."

"எந்தப் பாறையில?"

அவ்வளவுதான். வாய் தவறி வந்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிறாள். அரங்கத்திலிருந்து ஆறு பேர். நிஜப் பாறை. அண்ணனிடம் ட்ரெய்னிங் காலேஜ் தோழிகளோடு ஒரு மாசச் சுற்றுலா என்று சொல்லியிருக்கிறாள்.

"வேலைக்குச் சேர்ந்துட்டா முப்பத்தஞ்சு வருஷம் மணி அடிச்சா உள்ள, மணி அடிச்சா வெளிய. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மாமா." பசை ஒட்டிய என் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

ஐம்பத்திரண்டு வயதில் என்னை நம்பி ஒருத்தர் ஒரு ரகசியம் சொன்னது அதுதான் முதல் தடவை. என்னிடம் சொல்வதும் மைக்கில் சொல்வதும் ஒன்று என்று என் சம்சாரமே சொல்வாள். ஷூவை வாங்கி, உள்ளே மெல்லிய தோல் வைத்துத் தைத்துப் பழையபடி சின்னதாக்கிக் கொடுத்தேன்.

அவள் போன பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! தினம் வம்பளக்கிற தையல்காரர் கடைப் பக்கமே போகவில்லை. டீக்கடையில் வாங்கிய டீயை ரோட்டில் நின்றே குடித்தேன்.

"என்னய்யா, ஒரு வாரமா வாயே திறக்கல? டாக்டர்கிட்டப் போவோமா?" என்றாள் சம்சாரம்.

"பல்வலி."

"எந்தப் பல்லு?"

"எல்லாப் பல்லும்."

டிரைவர் தினமும் சாயந்தரம் என் கடை வாசலில் நின்றுதான் தங்கச்சியோடு போன் பேசுவார். "சாப்பிட்டியா? பார்த்துப் போ. காலைப் பதமா ஊனு. அவசரப்படாத." பஸ்ஸிலிருந்து இறங்குகிற எல்லோருக்கும் அவர் சொல்கிற வசனம்தான். நான் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருப்பேன்.

முப்பத்து மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். வேலையில் சேர இன்னும் நாலு நாள். கறுத்து, மெலிந்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சம்சாரமும் பார்க்கப் போயிருந்தோம். அண்ணன் டீ போட்டுக் கொடுத்தார். அவள் பையைத் திறந்தாள், ஒரு போட்டோவை எடுத்தாள், அண்ணன் மடியில் வைத்தாள். கடலைப் பார்த்து நிற்கிற சிவப்புப் பாறை. நடுவில் எறும்பு மாதிரி ஒரு ஆள்.

"இந்த இடத்துல கால் நடுங்கிடுச்சு அண்ணா. ஓட்டை பஸ் எஞ்சின் மாதிரி ரெண்டு முட்டியும் ஆடுது. இறங்கிடலாம்னு நினைச்சேன். அப்பத்தான், அண்ணனுக்குத் தெரியும், தெரிஞ்சும் தடுக்கல, காலைப் பதமா ஊனுன்னு தினம் சொல்றாரேன்னு நினைச்சேன். நடுக்கம் நின்னுடுச்சு."

"எது தெரியும்?" என்றார் அண்ணன்.

"நான் பாறை ஏறப் போனது."

"நீயா இது?"

அவள் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க சொல்லலயா?"

"நீதான பாப்பா சொல்லாதன்ன."

"ஐயோ மாமா! உங்ககிட்ட சொல்லாதீங்கன்னு சொன்னா அன்னிக்குச் சாயந்தரத்துக்குள்ள அண்ணன் காதுக்குப் போயிடும்னுதான சொன்னேன்! எனக்கு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்ல."

என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. டிரைவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போட்டோவைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய், கழுவி வைத்திருந்த டம்ளர்களை எடுத்துத் திரும்பக் கழுவினார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாப்பாடு போட்டார், அவள் சேலைகளை இஸ்திரி போட்டு வைத்தார், பேச்சு மட்டும் இல்லை. இருபத்தொரு வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி நடந்ததே கிடையாது. ஏணி என் கடைக்கு வந்து முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணன் பேசாம நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் மாமா."

"ஆர்டர் என்ன ஆவும்?"

"என்ன ஆனாலும் ஆகட்டும். முப்பது பிள்ளைங்க முன்னாடி என்ன மூஞ்சியோட நிக்கறது? பொய் சொல்லாதீங்கன்னு நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?"

வேலையில் சேர வேண்டியதற்கு முதல் நாள் சாயந்தரம் டிரைவரே வந்தார். ஒரு குறையும் இல்லாத ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தார். நானும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"ஊர்க்கதை பூரா உன் வாயில. இது மட்டும் வரல" என்றார்.

"சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா மாப்ளே?"

"மாட்டேன்."

தலையை நிமிர்த்தி மேலே படிக்கட்டைப் பார்த்தார். அப்புறம், "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மாமா. அவ மேல ஏறும்போது கீழ கயித்தை யார் பிடிச்சிருந்தா?"

"அவளையே கேளேன்."

ஏணி பக்கத்திலேயே, என் தையல் மிஷினுக்குப் பின்னால்தான் இருந்தாள். எழுந்து வந்தாள்.

"ஒரு பொண்ணு அண்ணா. அந்த ஊர்ல பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறா."

"யாரோ ஒரு பொண்ணா?"

"யாரோதான். ஆனா மூணு மணி நேரம் என் மேலருந்து கண்ணையே எடுக்கல. தண்ணி கூடக் குடிக்கல."

டிரைவர் ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டார். லேஸைக் கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

"அப்பாவுக்குக் கீழ யாருமே இல்ல" என்றார். குனிந்தபடியே சொன்னார். அப்புறம் நிமிர்ந்து, "எப்படிப் பிடிக்கணும்னு எனக்குக் காட்டு" என்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் படிக்கட்டு நடுவில் கிணறு மாதிரி திறந்திருக்கும், அடியிலிருந்து மூன்றாவது மாடி வரை பார்க்கலாம். ஏணி மூன்றாவது மாடித் தூணில் பட்டையைச் சுற்றி, இரும்பு வளையம் மாட்டி, அதன் வழியாகக் கயிற்றைத் தொங்கவிட்டாள். கீழே தூணில் கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற ஒரு சின்னக் கருவி. அதன் வழியாகக் கயிறு போய் அண்ணன் கைக்கு வந்தது. எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் கையை எடுக்கவே கூடாது என்று பத்துத் தடவை காட்டினாள். அவர் பதினோராவது தடவையும் கேட்டார். இடுப்பில் பட்டை கட்டி, கயிற்றின் மறுமுனையை அதில் மாட்டிக்கொண்டு இரண்டாவது மாடிக் கைப்பிடியைத் தாண்டினாள்.

"அண்ணா, உக்காரப் போறேன்."

"இரு இரு!"

"பிடிச்சிருக்கீங்கல்ல?"

"பிடிச்சிருக்கேன்."

கையை விட்டாள். கயிறு விண்ணென்று இறுகியது. அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கை மட்டும் அசையவில்லை.

"என்ன பாப்பா, இவ்ளோ லேசா இருக்க! அங்க சோறே போடலயா?"

"பாதிக் கனத்தை அந்தக் கருவி வாங்கிக்கும் அண்ணா."

"கருவி கிடக்குது. நீ இளைச்சுட்ட."

குப்பைக் கூடையோடு கதவைத் திறந்த மூன்றாவது மாடி அக்கா ஒரு கத்து கத்தினாள். "ஐயோ, பொண்ணு தொங்குதே!"

"தொங்கல அக்கா, நான் பிடிச்சிருக்கேன்!" என்று டிரைவர் கீழேயிருந்து அதட்டினார்.

மணி ஏழேகால். எட்டரைக்கு ஸ்கூல்.

"அண்ணா, இறக்குங்க."

"இரு."

"நேரமாச்சு அண்ணா. கொஞ்சம் கொஞ்சமா விடணும்."

"விடமாட்டேன்."

"நீங்க விட்டாத்தான் நான் இறங்க முடியும். விடலைன்னா இங்கயேதான் இருக்கணும். பிள்ளைங்க வந்துடுவாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி அவளையே பார்த்தபடி ஒரு சாண் விட்டார். நிறுத்தினார். அவள் சரி என்று தலையாட்டினாள். இன்னொரு சாண். இரண்டு மாடி இறங்கி வர அவளுக்குப் பதினெட்டு நிமிஷம் ஆனது. வேலைக்குப் போகிற ஆட்கள் படிக்கட்டில் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர்கூட அவசரப்படுத்தவில்லை.

அவள் கால் தரையைத் தொட்டது. இடுப்புப் பட்டையை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"இனிமே கயித்தை விட்டுடலாம் அண்ணா."

"தெரியும்" என்றார். ஆனாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். "ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்?"

"நாலு மணிக்கு."

"போய்ப் புடவையைக் கட்டு. தலையை நான் பின்னிவிடறேன்."

"வேணாம் அண்ணா, புருவம் மேல ஏறிடும். பிள்ளைங்க பயந்துடும்."

டிரைவர் சிரித்துவிட்டார்.