சுவரில் பெரியப்பாவின் வண்டி

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நடைபாதை போட்டு, சுவரெல்லாம் படம் வரைந்தார்களே, அதில் ஒரு படத்துக்கு நான்தான் காரணம். இப்போது இதை யாரிடமும் சொல்வதில்லை. ஒரு காலத்தில் கேட்காதவர்களைக்கூட நிறுத்தி வைத்துச் சொன்னவள் நான்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அப்பா டவுன் பஸ் ஓட்டினார். அம்மாவுக்கு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. இருவரும் வீடு திரும்ப இருட்டிவிடும் என்பதால், பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பெரியப்பாவிடம் போய்விடுவேன். பெரியப்பா துணி தேய்ப்பவர். வாய்க்கால் கரையில் ஒரு புங்க மரத்தடியில், நீண்ட காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அவருடைய இஸ்திரி வண்டி நின்றது. வண்டி என்று பேர்தானே தவிர, நான் பிறப்பதற்கு முன்பே அதன் சக்கரங்கள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. வண்டிக்கு அடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே எனக்கென்று ஓர் இடம் உண்டு. அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். தலைக்கு மேலே இஸ்திரிப் பெட்டி போய்வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் கணக்கு நோட்டின் மேலேயே தூங்கிப்போவேன். எழுப்பும்போது கன்னத்தில் பெருக்கல் வாய்பாடு ஒட்டியிருக்கிறது என்று பெரியப்பா கேலி செய்வார்.

நடைபாதை வந்த பிறகு கரைக்கு ஒரு களை வந்துவிட்டது. முன்பு மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தவர்கள் எல்லாம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு நடக்க வந்தார்கள். அடுத்ததாகச் சுவர்களில் படம் வரைவது என்று முடிவாயிற்று. தெருவின் குடியிருப்போர் சங்கம் சுவர்களைக் கொடுத்தது. ஓவியம் படிக்கும் கல்லூரி மாணவர்கள் வரைந்து தர வந்தார்கள். ஒரு பெயின்ட் கடைக்காரர் டின் டின்னாக அனுப்பினார். எங்கள் பள்ளிக்கூடம் கொடுத்தது எங்களை. 'கரையில் வாழ்கிறவர்கள்' என்ற தலைப்பில் பிள்ளைகள் நோட்டில் வரைய வேண்டும், அதில் நல்லதாகப் பார்த்துச் சுவரில் பெரிதாக வரைவார்கள் என்பது ஏற்பாடு. கல்யாணம் பேசிய சம்பந்தி வீட்டார் போல நாலு தரப்பும் ஒருவருக்கொருவர் மரியாதை பொங்கப் பேசிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பில் பாதிப் பேர் மலைக்கோட்டையை வரைந்தார்கள். மீதிப் பேர் மயில். தலைப்பை யாரும் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்குப் பெரிய கற்பனை எதுவும் கிடையாது. கண்ணுக்கு எதிரே இருந்ததை வரைந்தேன். புங்க மரம், அதன் அடியில் வண்டி, நீலச் சட்டையில் பெரியப்பா, பெட்டியின் வாயில் சிவப்பாகக் கரி. அந்தப் படத்தைத்தான் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த அக்கா ஒருத்தி, படத்தை எந்தச் சுவரில் போடலாம் என்று என்னையே கேட்டாள். பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய வெற்றுச் சுவர் ஒன்று இருந்தது. அதுதான் எடுப்பாக இருக்கும் என்றாள். நான் ஒற்றைக் காலில் நின்றேன். "அவரு நிக்கிற எடத்துலதான் படமும் இருக்கணும்க்கா. வண்டிக்குப் பின்னாடியே போடுங்க." சங்கத் தலைவர் பக்கத்தில் இருந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷர். குழந்தைக்கு எவ்வளவு அறிவு பார் என்று என் தலையைத் தடவினார். வண்டிக்குப் பின்னால் வரைந்தால் வண்டி மறைக்குமே என்ற சாதாரண விஷயம் அங்கே இருந்த படித்தவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் அந்த வண்டிக்கு அடியில் உட்கார்ந்து எழுந்த எனக்கும் தோன்றவில்லை.

பத்துப் பதினைந்து நாள் வேலை நடந்தது. பெரியப்பா முன்னால் நின்று தேய்க்க, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெரியப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு நாள் யார் வீட்டு வெள்ளைச் சட்டையிலோ பெயின்ட் தெறித்துவிட்டது. பெரியப்பா மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு மத்தியானம் வரை அந்தக் கறையைப் போக்கினார். படம் முடிந்ததும் திரும்பி நின்று நிதானமாகப் பார்த்தார். "நல்லா இருக்கு பாப்பா. சக்கரம் மட்டும் மண்ணுக்கு மேல நிக்குது" என்றார். இவ்வளவு பெரிய படத்தில் இதுதானா கண்ணில் பட்டது என்று எனக்குக் கோபம் வந்தது. படத்தில் அப்படித்தான் வரைய வேண்டும் என்று விளக்கம் சொன்னேன்.

கரையில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. மரத்தின் தலையும் பெரியப்பாவின் தலையும் தெரிந்தன. மற்றதையெல்லாம் நிஜ வண்டியும் கொடியில் தொங்கிய துணிகளும் மறைத்தன. திறப்பு விழாவுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். சங்கத் தலைவர் வந்து, "ஒரு நாளைக்கு மட்டும் பாலத்துப் பக்கம் தள்ளி வச்சுக்கங்க. விழா முடிஞ்சதும் பழையபடி வந்துடலாம்" என்று தன்மையாகத்தான் கேட்டார். பெரியப்பா "பாக்கலாம் சார்" என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். மறுபடியும் "பாக்கலாம் சார்"தான். அந்தச் சுவருக்குச் சொந்தக்காரரான டீச்சரம்மா மாடியிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி, "நீங்க நகராதீங்க. யாரு வந்து கேட்டாலும் நாங்க பேசிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊரே பார்க்க வேண்டிய என் படம் மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கப்போகிறதே என்றுதான்.

மறுநாள் தலைவரும் அந்த அக்காவும் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டார்கள். "உன் பெரியப்பாதானே. நீ சொன்னா கேப்பாரு" என்றார் தலைவர். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தது அன்றைக்கு மட்டும்தான். பையைக்கூட இறக்காமல் வண்டி முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, விழாவுக்கு ஒரு நாளைக்கு மட்டும் வண்டிய நகத்தணும்."

அவர் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "நீ சொல்றியா பாப்பா, அவங்க சொல்லச் சொன்னாங்களா?"

அவர்கள் சொல்லச் சொன்னார்கள் என்றால் நான் வெறும் தூதுக்காரி ஆகிவிடுவேன். "நான்தான் சொல்றேன்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து உதறினார்.

விழாவன்று காலையில் ஆறு பேர் சேர்ந்து தள்ளியும் வண்டி அசையவில்லை. கடப்பாரை போட்டு நெம்பி, கடைசியில் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். நின்ற இடத்தில் நான்கு குழிகள் இருந்தன. படம் முழுசாகத் தெரிந்தது. அதை மூடிவைக்க வாங்கிய மஞ்சள் பட்டுத் துணியை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரே சுருக்கமாக இருந்தது. சிறப்பு விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம்கூட இல்லை. எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். பெரியப்பா பாலத்துப் பக்கம் போய்ப் பெட்டியில் கரி பற்றவைத்துக் கொண்டுவந்தார். விருந்தினருக்காகப் போட்டிருந்த மேஜையை மரத்தடிக்கு இழுத்து, போர்வையை விரித்து, பட்டின் மேல் மெல்லிய வேட்டித் துண்டைப் போட்டுப் பக்குவமாகத் தேய்த்துக் கொடுத்தார். அந்த மரத்தடியில் அவர் தேய்த்த கடைசித் துணி அதுதான்.

திரை விலகியதும் கைதட்டல். படத்தில் இருப்பவர் யார் என்று விருந்தினர் கேட்க, பெரியப்பாவைக் கூப்பிட்டுப் படத்தின் முன்னால் நிற்கவைத்தார்கள். ஒரு கால் குழிக்குள் இருந்ததால் புகைப்படத்தில் அவர் சற்றுச் சாய்ந்து நிற்கிறார். பக்கத்தில் நான், வாயெல்லாம் பல்லாக.

மறுநாளே குழிகளை நிரப்பிக் குரோட்டன் செடிகள் வைத்துவிட்டார்கள். சுற்றிலும் சின்னதாகக் கம்பி வேலி, எதிரே ஒரு பெஞ்சு. பெரியப்பா போய்க் கேட்டபோது யாரும் முடியாது என்று சொல்லவில்லை. செடி வேர் பிடிக்கட்டும் என்றார்கள். செடிகள் நன்றாகவே வேர் பிடித்தன. அதற்குள் அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். டீச்சரம்மா ஒரு நாள் பெரியப்பாவை வழிமறித்து, "நான் அவ்வளவு சொல்லியும் ஏங்க நகந்தீங்க?" என்று கேட்டார். "ஒரு நாளைக்குத்தானேன்னு நெனச்சேங்க" என்றார் பெரியப்பா. நானும் கூடத்தான் நின்றேன். நான் சொல்லித்தான் நகர்ந்தார் என்பதை மறந்துவிட்டாரே என்று எனக்கு மனத்தாங்கல்.

பாலத்துப் பக்கம் நிழல் கிடையாது. லாரி போகும்போதெல்லாம் தேய்த்த துணியில் புழுதி படிந்தது. அவ்வளவு தூரம் மூட்டை தூக்கி வர யாருக்கு முடியும்? வீட்டுக்கே வந்து வாங்கிப்போகும் வேறு ஆளிடம் துணிகள் போய்விட்டன. அடுத்த தீபாவளிக்கு முன்பே பெரியப்பா ஸ்ரீரங்கத்தில் ஒரு லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தனியாக இருக்கப் பழகினேன். படத்தைப் பார்க்க அவர் வருவதே இல்லை என்று ஒரு தடவை அம்மாவிடம் குறைப்பட்டேன். அம்மா அப்போதுதான் சொன்னாள். கல்யாணமான புதிதில் பெரியப்பா மார்க்கெட் பக்கம் நின்று தேய்த்தாராம். ரோடு போட வேண்டும், ஒரு நாளைக்கு மட்டும் நகர்ந்துகொள் என்றார்களாம். மறுநாள் போனால் அந்த இடத்தில் வேறு கடை. "அதுக்கப்புறம் யாரு சொல்லியும் அவர் வண்டிய நகத்தினதில்ல. நீ சொல்லித்தான் நகத்தினாரு" என்றாள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தாள்.

படம் இன்னும் இருக்கிறது. கீழே சங்கம், கல்லூரி, கடை, பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் பெயர்கள். என் பெயரும் வகுப்பும்கூட உண்டு. பெரியப்பாவின் பெயர் இல்லை. அவர்தான் படத்திலேயே இருக்கிறாரே என்று விட்டிருப்பார்கள்.

போன மாதம் ஸ்ரீரங்கம் போயிருந்தபோது லாண்டரியில் எட்டிப் பார்த்தேன். இப்போது கரண்டுப் பெட்டி. நின்று நின்று காலில் நரம்பு சுருண்டிருக்கிறது. இத்தனை வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பெரியப்பா."

அவர் சட்டையின் காலரை மடித்துக்கொண்டே, "நீ எங்க பாப்பா சொன்ன? அவங்க சொல்லச் சொன்னாங்க, நீ வந்து சொன்ன. அவ்வளவுதானே" என்றார்.

அன்றைக்கு அவர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். எதற்காகக் கேட்கிறார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லியிருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும்.