பிளம்பரோடு மணிக்கூண்டு பார்க்கப் போன கதை

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாத குழாய் இந்த ஊரில் கிடையாது. எந்தத் தெருவில் யார் வீட்டுக் குளியலறையில் எந்த வாஷர் தேய்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் நான்கு வருடமாகச் சொட்டிக்கொண்டிருக்கிறது. கேட்டால் அஞ்சு நிமிஷ வேலை என்பார். அந்த அஞ்சு நிமிஷம் இன்னும் வந்தபாடில்லை.

மனுஷர் தங்கம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்தால் போதும், உலகமே மறந்துவிடும். எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் காணோம் என்று ஆளுக்கொரு பக்கம் தேடினோம். மண்டபத்துக் கழிவறையில், புதுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். உனக்கு நிறையப் பொறுமை வேண்டியிருக்கும் என்று என் அண்ணன் அன்றைக்கே சொன்னான். அந்தச் சாமான் என்னிடம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்த வருடம் வீட்டுக்கு வந்த கேலண்டரில் ஒரு படம். பெரிய நகரத்து மணிக்கூண்டின் உச்சியில் நின்று எடுத்தது. வளைந்து போகும் ஆறு, கல் பாலம், அரண்மனைக் கூரை, ஆற்றில் சிவப்புப் பாய் கட்டிய ஒரு படகு. அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றதைக் கண்டு, "ஒரு நாள் உன்னை அந்த உச்சிக்கே கூட்டிக்கிட்டுப் போறேன், பாரு" என்றார். அந்தப் படத்தைக் கத்தரித்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தேன். ஒட்டி இருபத்திரண்டு வருடம். நடுவில் ஒரு தடவை கிளம்பவும் கிளம்பினோம். பஸ் நிலையத்துக் குடிநீர்க் குழாய் ஒழுகியது. அவர் அதை அடைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்தார்கள். காலையில் போய் இரவு திரும்பலாம். இந்த முறை சும்மா விடுவேனா? கிளம்புகிற நேரத்தில் அவர் பையைத் திறந்து பார்த்தேன். நினைத்தது சரி, அடியில் குழாய் திருகுகிற பைப் ரென்ச் படுத்திருந்தது. அதை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, உச்சியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதற்காகவே வாங்கிய பச்சைக் கம்பளி மஃப்ளரை அந்த இடத்தில் வைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்று படிந்து வெளுத்திருந்தது. நகரம் வந்ததும் ஆளாளுக்கு உள்ளங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். அரண்மனை என்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இவர் மழைநீர்க் குழாயைத் தட்டிப் பார்த்து, அசல் செம்பு என்றார். பாலத்தில் தண்ணீர் வடிகிற ஓட்டையை எண்ணினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மணிக்கூண்டுக்கு வந்தபோது மணி இரண்டு. நான்கு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். படி ஏற யாருக்கும் தெம்பில்லை, கூரை போட்ட கடைவீதிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வாசலுக்குப் போனால், 'இன்று மேலே செல்ல அனுமதி இல்லை' என்று பலகை தொங்குகிறது. குளிரில் குழாய் உறைந்து வெடித்துவிட்டதாம். படியெல்லாம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, சரிசெய்கிற ஆள் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும் என்றார் காவலாளி.

நான் அந்தப் பலகையைத் திரும்பவும் ஒரு தடவை படித்தேன். இவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது. "நான் பிளம்பர்ங்க. வால்வைத் திருகி மூடிட்டா ரெண்டு நிமிஷத்துல நின்னுடும்" என்று காவலாளியிடம் அடித்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். வால்வின் பிடி உடைந்து வெறும் தண்டுதான் நின்றது. ரென்ச் இல்லாமல் அசையாது. கர்வமாகப் பைக்குள் கையை விட்டார். பச்சை மஃப்ளர் வந்தது.

அந்த நேரத்தில் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன். "நான்தாங்க எடுத்துக் கட்டிலுக்கு அடியில வெச்சேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. மஃப்ளரை வெடிப்பின் மேல் நாலு சுற்றுச் சுற்றி, பையின் வாரை அவிழ்த்து இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பீய்ச்சல் அடங்கி, தண்ணீர் சுவரோடு வடிந்து சாக்கடைக்குள் இறங்கியது. காவலாளி படியைத் துடைத்துவிட்டார். ஏறலாம், ஆனால் இவர் கையை எடுக்கக் கூடாது என்றார்.

"நீ போ. நான் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

"நீங்க இல்லாமலா?"

"எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா."

முந்நூற்றுச் சொச்சம் படி, நடுவில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேலே ஒன்றுமே இல்லை. நான் ஏறிக்கொண்டிருந்தபோதே மூடுபனி வந்து கூண்டின் தலையை மூடியிருக்கிறது. நாலு பக்கமும் சுற்றினேன். என் கையே எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் காத்திருந்தது இந்த வெள்ளைக்காகவா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் நின்று பார்த்தேன், விலகுகிற மாதிரி இல்லை. இறங்கிவிட்டேன்.

கீழே அவர் அப்படியே நின்றார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "எப்படி இருந்துச்சு?" என்றார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பனிமூட்டம் என்று எந்த வாயால் சொல்வது? அலமாரிக் கதவை மனதில் திறந்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஆறு வளைகிற வளைவு, பாலம், அரண்மனைக் கூரை, சிவப்புப் பாய்ப் படகு. "அப்புறம்?" என்றார். படத்தில் இல்லாத தெருக்களையும் சேர்த்தேன். "இன்னும்?" என்றார். என் பேச்சை அவர் அவ்வளவு நேரம் கேட்டது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். சரிசெய்கிற ஆள் ரென்ச்சோடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு, அண்ணாந்து பார்க்க விடாமல் அவரைப் பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பஸ்ஸில் பின் சீட்டு டெய்லர், மேலே என்ன தெரிந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆறு, பாலம், படகு என்று நேரில் பார்த்தவர் மாதிரி முழங்கினார். பஸ்ஸே கேட்டது. அவர் சொன்னதில் நான் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

உட்கார்ந்ததும் என் காதருகே குனிந்து, "நீ ஏறிக்கிட்டு இருக்கும்போதே காவலாளி சொல்லிட்டார், மேல ஒரே பனியாம்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப எதுக்கு இன்னும் இன்னும்னு கேட்டீங்க?"

"நீ சொன்னது நல்லா இருந்துச்சு. அந்தப் படகைச் சொன்னே பாரு, பைப்பைப் புடிக்கறதை விட சிரிப்பை அடக்கறதுதான் கஷ்டமா போச்சு."

"வாயை மூடிக்கிட்டு வாங்க" என்று சொல்லி, அவருடைய இரண்டு கையையும் இழுத்து என் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். ஊர் வந்து சேரும்வரை விடவில்லை.